மொட்டைமாடியில் நடந்தது யார்?

வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒரு மனிதன் நின்றுகொண்டே இருந்தால் அவன் மனசுக்குள் ஏதோ புகைகிறது என்று அர்த்தம். போன வாரம் நாம் அவனை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். தோளில் மடிக்கணினிப் பை தொங்குகிறது, முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போவதா, வந்த வழியே திரும்புவதா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

இந்த வீட்டுக்கு இப்போதுதான் வருகிறவர்களுக்காக ஆட்களைக் காட்டிவிடுகிறேன். வாசலில் நிற்பவன் இந்த வீட்டு மகன். ட்ரோனும் விமானமும் மேலிருந்து எடுக்கும் வெப்பப் படங்களைப் பார்த்து, எந்தக் கூரை எவ்வளவு சூடு என்று கணக்கெடுப்பது அவன் உத்தியோகம். ஊரிலுள்ள கூரையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அலமாரியில் தன் சட்டை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. வீட்டில் அவனுக்கு 'வானத்துக்காரன்' என்று பெயர்.

அவன் மனைவி, அதாவது இந்த வீட்டு மருமகள், புதுப் பொருட்களை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அவளும் அவள் கூட்டாளிகளும் ஒரு வெள்ளை ஷீட் செய்திருக்கிறார்கள். கூரைமேல் ஒட்டினால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கட்டடத்துக்குள் ஏறிய சூட்டையும் வானத்துப் பக்கமே தள்ளிவிடும். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம்.

மாமியார் பல் செட் செய்கிறவர். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் வாய் நிறையச் சிரிப்பதற்கு அவர் விரல்கள்தான் காரணம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். முழங்கால் வலி என்று சொல்லி, மாடிப்படி சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் பிடி கொடுக்காதவர்.

கதை சிக்கலானது எங்கே என்றால், மருமகளின் ஷீட்டும் மாமியாரின் சிகிச்சையும் ஒரே ஆராய்ச்சியில் வந்து சேர்ந்த இடத்தில்தான். புற்றுநோய் மருந்து ஏறுகிறவர்கள் சூடான அறையில் தூக்கம் வராமல் தவிக்கிறார்கள். அறை குளிர்ந்தால் தூங்குவார்களா, அசதி குறையுமா என்று பார்க்க ஆஸ்பத்திரி ஒரு சோதனை தொடங்கியது. மேல்தளத்தில் குடியிருக்கும் நோயாளிகளின் வீடுகளில் பாதிக்கு நிஜ ஷீட் ஒட்டினார்கள். மீதிப் பாதிக்கு, பார்க்கவும் தொடவும் அச்சு அசலாக அதேபோல இருக்கும் சாதாரண வெள்ளைத் தாள். எது எந்த வீட்டில் என்பது கணக்கு பார்க்கும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

நோயாளிகள் கையில் சாம்பல் நிறப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். தூக்கத்தையும் நடையையும் அது அளக்கும். சாயங்காலம் போனில் சில கேள்விகள் வரும். தூங்கினீர்களா, வலி இருக்கிறதா, கைகால் எப்படி இருக்கிறது என்று. பதில்கள் நர்ஸுக்குப் போகும். அடுத்த மருந்தின் அளவை எழுதும்போது டாக்டரும் அதைப் பார்ப்பார்.

இதில் சேர்ந்தே தீருவேன் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். ஆஸ்பத்திரிக் குழு யோசித்துவிட்டு, இந்த வீட்டின் விவரம் எதையும் மருமகள் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தது. அவளும் எட்டிப்பார்த்ததில்லை. நாளை மாமியாருக்கு அடுத்த மருந்து. இவ்வளவுதான் பழைய கதை.

மகன் ஒருவழியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தான். மருமகள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா சொல்லக்கூடாது" என்றான்.

"சொல்லக்கூடாதுன்னா சொல்லாதீங்க."

"சொல்லாம இருக்க முடியல."

ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத ஆண்பிள்ளைக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது. அவள் கத்தியை வைப்பதற்குள் அவன் மடிக்கணினியைத் திறந்துவிட்டான். சோதனைக்காக அவன் அலுவலகத்து ட்ரோன் அன்று விடியற்காலையில் எடுத்த வெப்பப் படங்கள். வீடுகளுக்குப் பெயரில்லை, எண் மட்டும்தான். ஆனால் பிறந்து வளர்ந்த வீட்டின் கூரையை ஒருவனுக்கு எண் சொல்லியா அடையாளம் காட்ட வேண்டும்? இரண்டு தண்ணீர்த் தொட்டி, அதில் ஒன்று சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் படிக்கட்டு அறை. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நிஜ ஷீட் ஒட்டிய கூரை குளிர்ந்து அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். இந்த வீட்டுக் கூரை அக்கம்பக்கத்துக் கூரைகளைப் போலவே வெளுத்துக் கிடந்தது.

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பார்த்தது பார்த்ததுதான். இந்தக் கோடை முழுக்க அத்தை சாதாரணத் தாளுக்கு அடியில் படுத்திருந்திருக்கிறார். ஒட்ட வந்த ஆட்களோடு நின்று, சுருக்கம் விழாமல் ஓரத்தையெல்லாம் அழுத்திவிட்டதே அவள்தான். சோதனை என்றால் யாருக்காவது அந்தத் தாள் போய்த்தான் ஆக வேண்டும் என்று மற்ற வீடுகளுக்கு எத்தனையோ முறை அவளே விளக்கிச் சொல்லியிருக்கிறாள். தன் வீடு என்று வந்ததும் அந்த நியாயமெல்லாம் அவளுக்குச் சமாதானம் தரவில்லை.

"இதை ஏன் எனக்குக் காட்டுனீங்க?" என்று கேட்டாள்.

அவன் காட்ட வந்தது அதையல்லவாம், அடுத்ததையாம். தொடர்ந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். தொட்டியைச் சுற்றி ஒரு பிரகாசமான புள்ளி. ஒரு படத்தில் இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். யாரோ மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள்.

அம்மாதான் என்றான். அப்பாவால் படி ஏற முடியாது, மகனும் மருமகளும் ஏறவில்லை, வேறு யார்? நேற்றுக்கூட நர்ஸ் போனில் அம்மாவைப் பாராட்டினாரே, விடிகாலை நடையிலும் தூக்கத்திலும் உங்களை அடிச்சுக்க ஆளில்லை என்று. ஷீட் இல்லாமலேயே அம்மா தேறிவிட்டாள், அதைச் சொல்லத்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது என்றான்.

அன்று விடிகாலை ட்ரோனின் ரீங்காரத்தில்தான் மருமகளுக்கு விழிப்பு வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தபோது மாமியாரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட முயன்றுகொண்டிருந்தார். பொத்தான் துளைக்குள் போகவேயில்லை. தூக்கம் வரவில்லையா என்று கேட்டதற்கு, இப்போதுதான் எழுந்தேன் என்று சிரித்தார். மேலே ட்ரோன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அத்தை கட்டிலில் இருந்தால் மாடியில் நடந்தது யார்?

அவள் மாமனாரைத் தேடிப் போனாள். பின்பக்க வாசலில் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அவரோ முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு மாட்டியிருந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வயசானவர், என்னவோ ஆசை என்று விட்டிருந்தார்கள்.

"மாமா, முழங்கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதாம்மா இருக்கு. எங்க, ஒரு படி ஏற முடியுதா?"

அவள் கையை நீட்டினாள். "பட்டையைக் குடுங்க மாமா."

மாமனார் திருதிருவென்று விழித்தார். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் சட்டைக் கையை மடித்தார். அங்கே இருந்தது, சாம்பல் நிறத்தில், அவர் மணிக்கட்டில் இறுக்கமாக.

குட்டு வெளிப்பட்டதும் மனிதர் மடமடவென்று கொட்டிவிட்டார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சாக்கு கடைத்தெருவுக்குப் போகாமல் இருக்கப் பிடித்தது, பிறகு இதற்கும் உதவியது. விடியுமுன் பட்டையைக் கட்டிக்கொண்டு மாடி ஏறி நடப்பார். ராத்திரியும் அதைக் கட்டிக்கொண்டே படுப்பார். இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனிதர் அவர். நர்ஸ் வாயாரப் புகழ்ந்த அந்தத் தூக்கம் மாமனாரின் குறட்டை.

"அவதாம்மா சொன்னா" என்றார். "நீ ஒரு நாள் உங்க லேப் மேடத்துகிட்ட போன்ல அழுதியாமே, இந்தச் சோதனை ஊத்திக்கிட்டா ஷீட் அவ்வளவுதான்னு. நம்ம வீட்டாலே அது தோத்துடக்கூடாதுன்னு அவ பிடிவாதமா நின்னா. நான் என்ன பண்ணட்டும்?"

மருமகளுக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இன்னொன்றும் உறைத்தது. இந்த வீட்டில் இருப்பது சாதாரணத் தாள். இங்கே நல்ல எண்கள் வந்தால், நிஜ ஷீட்டுக்கும் சாதாரணத் தாளுக்கும் வித்தியாசமே இல்லை என்றுதான் கணக்கு முடியும். அவளை ஜெயிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு, மாமனாரும் மாமியாரும் ராப்பகலாக எதிர்த்தரப்புக்கு உழைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்தத் தாள் என்பது வெளியே வரக்கூடாத ரகசியம், அதனால் இதை அவர்களிடம் சொல்லவும் முடியாது.

அதற்குள் மாமனார் மெல்ல இன்னொன்றைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டு துளியும் இல்லை.

"அவளுக்கு விரல் மரத்துப்போச்சும்மா. மெழுகு எது, பல் எதுன்னு தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியலைங்கறா. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

மருந்து நரம்பைத் தொட ஆரம்பித்தால் விரல் மரக்கும் என்று மருமகளுக்குத் தெரியும். அப்போதே அளவைக் குறைத்தாலோ நிறுத்தி வைத்தாலோ மீள வாய்ப்புண்டு. கவனிக்காமல் மேலும் மேலும் ஏற்றினால் மரத்தது மரத்தபடியே நின்றுவிடக்கூடும். நாளைக் காலை முழு அளவு ஏறப்போகிறது. டாக்டர் கையில் இருப்பதோ, கைகால் நன்றாக இருக்கிறது என்று அத்தை தட்டிய பதில்கள்.

பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்ட மகன் ஒரு வழி சொன்னான். நாளைக்கு அம்மாவே டாக்டரிடம் விரல் விஷயத்தை மட்டும் சொல்லட்டும். பட்டை விஷயம் வெளியே வர வேண்டாம். வந்தால் சோதனைக்கே கெட்ட பெயர். படத்தில் வீட்டை அடையாளம் கண்டுகொண்டு வந்து சொன்னதற்கு அவனுக்கும் வேலையில் சிக்கல்.

தப்பான யோசனை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம். மருமகளும் ஒரு கணம் தடுமாறத்தான் செய்தாள். அந்த ஷீட்டுக்காக அவள் இழந்த தூக்கத்தை எந்தப் பட்டையும் அளக்கவில்லை.

"அந்தப் பொய் நம்பர் சோதனைக் கணக்குலயே இருந்தா, நாளைக்கு வேற யாரோ ஒரு அத்தைக்கும் அதை நம்பித்தான் மருந்து எழுதுவாங்க" என்றாள். "நான் போய்ப் பேசறேன். நீங்க வண்டியை எடுத்து வெளிய நிறுத்துங்க."

மாமியார் தன் வேலை அறையில் இருந்தார். மேஜைமேல் வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சிகிச்சை தொடங்கியதிலிருந்து புது வேலை எதுவும் எடுக்கவில்லை. கை பழக்கம் விடக்கூடாது என்று தினமும் கொஞ்ச நேரம் உட்காருவார். ஒரு சின்னப் பல்லை இடுக்கியில் எடுத்து மெழுகில் பதிக்கப் பார்த்தார், அது நழுவி மேஜையில் உருண்டது. எடுத்தார், மறுபடியும் நழுவியது. மருமகள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"வாம்மா. இன்னிக்கு அறை ஜில்லுன்னு இருக்கு. உன் ஷீட் பிரமாதம்" என்றார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

மருமகள் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கையிலிருந்த பட்டையை மேஜைமேல், தாடைகளுக்கு நடுவே வைத்தாள். மாமியார் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கணவருக்கு வாய் நிற்காது என்று எப்போதோ தெரியும், இவ்வளவு நாள் தாங்கியதே அதிசயம் என்று முணுமுணுத்தார்.

"விரலை நீட்டுங்க அத்தை."

"விரலுக்கு என்ன? பத்தும் இருக்கு."

மருமகள் தானே அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு விரல் நுனியை நகத்தால் அழுத்தினாள். எந்த விரல் என்று கேட்டாள். மாமியார் யோசித்தார். பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளையைப் போல உத்தேசமாக ஒன்று சொன்னார். தப்பு. இன்னொரு முறை கேட்டாள், அதுவும் தப்பு.

மாமியார் கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த பெண் வருஷக்கணக்காக ராவும் பகலும் பாடுபட்டு ஒன்றைச் செய்திருக்கிறாள், தான் ஒருத்தி தூங்கவில்லை என்று சொல்லி அது நாசமாகப் போக வேண்டுமா என்று கேட்டார். விரல் மரத்தால் மரக்கட்டும், இந்த வயசில் இன்னும் எத்தனை பேருக்குப் பல் கட்டிவிடப்போகிறேன் என்றார்.

"ஷீட் கிடக்கட்டும் அத்தை. இது தோத்தா இன்னொண்ணு செய்வேன், அதுக்கு லேப் இருக்கு. உங்க விரலை எந்த லேப்ல போய் செய்யறது?"

மாமியார் குனிந்து அழுதார். ஆபரேஷன் என்று சொன்ன அன்று அழாதவர், முடி கொட்டியபோது கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கேலி செய்தவர், இப்போது மருமகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ராத்திரியெல்லாம் கொதிக்கிறது, ஒரு பொட்டுத் தூக்கமில்லை, கால் பஞ்சு மேல் வைத்தது போல இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எல்லாம் சொன்னார். மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுவதற்கு இந்தத் தொடரில் இவ்வளவு வாரம் ஆகியிருக்கிறது. அதற்கு ஆராய்ச்சி ஒன்று தேவைப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் மாமியாரே போனை எடுத்தார். எண்ணை அழுத்த விரல் தடுமாறியது, மருமகள் உதவப் போனாள், அவர் விடவில்லை. நர்ஸ் எடுத்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சிஸ்டர், நான் உங்களுக்கு இதுவரைக்கும் சொன்னது எல்லாமே பொய். என் வீட்டுக்காரர்தான் நல்லாத் தூங்கறார். நான் தூங்கலை."

மத்தியானம் நால்வரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டாக்டர் பஞ்சால் வருடினார், ஊசி முனையால் தொட்டார், அதிரும் இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்துப் பார்த்தார். மாமியார் இந்த முறை உத்தேசமாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்றார். நாளைய மருந்தை நிறுத்தி வைப்பதாகவும், வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பதாகவும் டாக்டர் சொன்னார். விரல் பழையபடி வருமா என்று மாமனார் கேட்டார். வரலாம், முழுசாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். மாமனார் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த வீடு சோதனையிலிருந்து நீக்கப்படும் என்று நர்ஸ் சொன்னார். திங்கட்கிழமை குழு கூடும், மகனும் மருமகளும் வந்து நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். மகன் தலையை ஆட்டினான். படத்தைத் தானே காட்டியதாகச் சொல்லிவிடுவேன் என்று அவன் சொன்னபோது, மருமகளுக்கு அவன்மேல் இருந்த பாதிக் கோபம் போய்விட்டது.

நர்ஸ் மாமியாரிடம் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்க உட்கார்ந்தார். மருமகள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். இனி அவள் கேட்பதில் தடையில்லை. ஆனாலும் அந்தப் பதில்கள் அத்தையினுடையவை.

வெளியே நீளமான பெஞ்சுகளில் ஆட்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பக்கத்திலும் ஒருவர், கணவர், தங்கை, மகள் என்று யாரோ. எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில், மருந்துப் பை. அவள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். பிறகு அது வேடிக்கையாக இல்லை. அவள் முகங்களை விட்டுவிட்டு மணிக்கட்டுகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

கடைசி பெஞ்சில் ஒரு நடுத்தர வயதுக்காரர், ஏதோ கடையின் சீருடையோடு வந்திருந்தார். தலையில் துணி கட்டிய அவர் மனைவி அவர் தோளில் சாய்ந்திருந்தாள், கண் மூடியிருந்தது, கை வெறுமையாக இருந்தது. சாம்பல் நிறப் பட்டை அவர் கையில் இருந்தது.

நேராகப் போய் நர்ஸிடம் சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் மருமகள் அந்த மனிதருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் இதேதான் நடந்துச்சு" என்றாள் மெதுவாக. "ராத்திரி தூங்கறாங்களா?"

அவர் மனைவியின் தலை தோளிலிருந்து நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்புறம் மனைவிக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இல்லைன்னு சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களா?"

சற்று முன்புதான் உள்ளே ஒரு மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. மருமகள் அவர் இழுத்துவிட்ட சட்டைக் கையைப் பார்த்தாள், பிறகு நர்ஸின் அறைக் கதவைப் பார்த்தாள்.